பட்டாளத்தம்மா விற்ற ஃபேன் பெல்ட்டுகள்

1947 தை மாதம், ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் படகுகளுக்குக் கயிறும் தாரும் விற்றுக்கொண்டிருந்த அப்துல் வஹாப், பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட நாற்பத்திரண்டு மரப்பெட்டிகளை ஏலத்தில் எடுத்தார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏலம் விட்ட துரைக்கும் தெரியாது. துரைக்கு ஊருக்குக் கப்பலேறும் அவசரம். பாய்க்கு, சல்லிசாக வருகிறதே என்ற அவசரம். இரண்டு அவசரமும் சேர்ந்து ஆறு மாட்டுவண்டிகளில் ஏறி ராயபுரம் வந்து இறங்கின.

பெட்டிகளைப் பிளந்தால் உள்ளே மெழுகுக் காகிதத்தில் சுற்றி, கிரீஸில் குளிப்பாட்டிய இரும்புச் சாமான்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. சீட்டில் பெயர் கிடையாது, நீளமாக ஒரு நம்பர் மட்டும். பாய் ஒரு வாரம் அவற்றை எடுத்து எடுத்துப் பார்த்தார். சிலதைக் குலுக்கினார். ஒன்றை மோந்துகூடப் பார்த்தார். லாரிச் சாமான் என்ற வரைக்கும் புரிந்தது; எந்த லாரிக்கு, லாரியில் எந்த இடத்துக்கு என்பதை அல்லாதான் அறிவான். வந்து பார்த்த மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். காலையில் கார்புரேட்டராக இருந்தது மாலையில் தண்ணீர் பம்பாக மாறியது.

இந்தப் பேஜாரைப் பாய் தினமும் டீக்கடையில் சொல்லிப் புலம்புவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சவரிநாதன் நாலு நாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஐந்தாம் நாள் வாயைத் திறந்தார்.

"என் பொண்ணாண்ட காட்டுங்க பாய். பட்டாளத்துல மூணு வருசம் அவளுக்கு அதான் பொயப்பு."

பெண்ணின் பெயர் தேவப்பிரியம். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். சண்டை நடந்த காலத்தில் பெண்களுக்கும் பட்டாளத்தில் வேலை என்று சொன்னதும், வீட்டில் கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். காக்கிப் புடவை கொடுத்து ஆவடி டிப்போவில் சாமான் கிடங்கில் நிறுத்தினார்கள். தினம் ரயிலேறிப் போய், ஒரு ஸ்காட்லாந்து சார்ஜெண்ட் கத்துகிற நம்பரைக் காதில் வாங்கி, ஆயிரக்கணக்கான அறைகளில் எந்த அறையில் அந்தச் சாமான் இருக்கிறதோ அங்கிருந்து எடுத்து நீட்டுவது வேலை. சார்ஜெண்டிடமிருந்து அவள் இரண்டு விஷயம் கற்றாள். ஒன்று, நம்பரைப் பார்த்து வண்டியைச் சொல்வது. இன்னொன்று மூக்குப்பொடி. வெள்ளைக்காரனிடம் பொடி போடக் கற்றுக்கொண்டு வந்தவள் ராயபுரத்தில் அவள் ஒருத்திதான்.

சண்டை முடிந்து நாற்பத்தாறில் அனுப்பிவிட்டார்கள். இருபத்தாறு வயது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் அவள் காக்கிப் புடவை கட்டிய கதையைக் கேட்டதும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார், அவருக்கு மூட்டுவலி.

பாய் கடைக்கு வந்த தேவப்பிரியம் முதல் பெட்டியில் கையை விட்டு ஒரு சாமானை எடுத்தாள். சீட்டைப் பார்த்தாள். "செவர்லே, ஒண்ணரை டன், கிளட்ச்சு பேரிங்" என்று கீழே வைத்தாள். அடுத்தது "போர்டு, பெட்ரோல் பம்பு." அடுத்தது "டாட்ஜ், முன் வீல் ஆக்சில், இடது பக்கம்." பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டபடி நின்றார். பதினோராவது சாமானில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ இங்கியே வேலைக்கு வந்துரு தேவம்மா. உள்ள உக்காந்துகினு எடுத்துக் குடு. முன்னால நான் வித்துக்கறேன்."

"உள்ளல்லாம் முடியாது பாய். மூணு வருசம் உள்ளியே நின்னாச்சு. கவுண்டர்ல நான் நிக்கிறேன். நீங்க கல்லாவுல குந்துங்க."

பள்ளிவாசலில் என்ன சொல்வார்களோ என்று பாய் பயந்தார். மாதா கோயிலில் என்ன சொல்வார்களோ என்று சவரிநாதன் பயந்தார். இரண்டு இடத்திலும் சொல்லத்தான் சொன்னார்கள். ஒரு மாதம் சொல்லிவிட்டு, பிறகு சொல்ல வேறு ஆள் கிடைத்து விட்டுவிட்டார்கள்.

லாரிக்காரர்களை வழிக்குக் கொண்டுவரத்தான் நாளாயிற்று. அந்தக் காலத்து டிரைவர்களில் பாதிப் பேருக்குச் சாமானின் பெயர் தெரியாது. "அடியில கடகடன்னு ஒண்ணு சுத்துமே, அது" என்பார்கள். பெண்பிள்ளையிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பாய் பக்கம் திரும்பிச் சொல்வார்கள். பாய் தேவப்பிரியம் பக்கம் கையைக் காட்டுவார். அவள் கவுண்டர்மேல் ஒரு கரித்துண்டை உருட்டிவிட்டு, "வரைஞ்சு காமி" என்பாள். லாரி ஓட்டுகிற முரட்டுக் கைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு படம் வரையும். கத்தரிக்காய் மாதிரி ஒன்றை வரைந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

வம்புக்கென்றே வந்தவர்களும் உண்டு. ஒரு நாள் ஒருவன் கூட்டாளிகள் நாலு பேரை இட்டுக்கொண்டு வந்து, கவுண்டரில் சாய்ந்து நின்று, "நட்டு கீதா?" என்றான்.

"இன்னா சைஸு?"

"நீயே பாத்து சொல்லேன்."

தேவப்பிரியம் ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்தாலே தெரியுது நைனா. உனுக்கு மேல் மாடியில கயண்டுகினு கீது. அதுக்கு இங்க சாமான் கெடையாது. கீழ்ப்பாக்கம் போ, அங்க ஆசுபத்திரியிலயே மாட்டி உடுவாங்க."

கூட்டாளிகள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் அவன் கட்சி மாறி அவர்களோடு சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு அவளுக்கு விழுந்த பெயர்தான் பட்டாளத்தம்மா. ஒரு வருஷத்துக்குள் எண்ணூரிலிருந்து மாதவரம் வரைக்கும், எவன் வண்டி படுத்தாலும் "பட்டாளத்தம்மாவாண்ட போ" என்பது வழக்கமாகிவிட்டது.

இப்படி எல்லாரையும் எடை போட்டவள் ஏமாந்தது 1951-இல்.

கொரியாவில் சண்டை வந்து ரப்பர் விலை ஏறியிருந்த சமயம். லாரிக்கு ஃபேன் பெல்ட் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. இஞ்சினுக்கு முன்னால் விசிறியைச் சுற்றவைக்கும் ரப்பர் பட்டை அது. அறுந்தால் பத்து நிமிஷத்தில் இஞ்சின் கொதித்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஊரில் எந்தக் கடையிலும் இல்லாத பெல்ட் பாய் கடையில் மூன்று பெட்டி இருந்தது. இருந்தது மட்டுமில்லை, நன்றாக இருந்தது. மற்றவர்கள் மூலையில் போட்டு வெடிக்கவிட்ட காலத்தில் தேவப்பிரியம் மாதம் ஒரு தடவை அவற்றை எடுத்து, டியூபுக்குப் போடுகிற வெள்ளைப் பவுடரைத் தடவி, நிழலில் மாட்டி வைத்திருந்தாள். குழந்தையைக்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோதண்டம் வந்தான். திருவொற்றியூர்க்காரன். எண்ணூருக்கு அப்பால் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் பழைய போர்டு லாரி சொந்தமாக வைத்திருந்தான். முப்பத்தெட்டு வயது இருக்கும். சுருட்டை முடி. மற்ற டிரைவர்களைப் போல அதட்டிப் பேச மாட்டான். கவுண்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுவான்.

"ஃபேன் பெல்ட்டு ரெண்டு வோணும் தேவம்மா. நீயே பாத்து குடு. நீ குட்த்தா கரீட்டா இருக்கும்."

அடுத்த வாரமும் வந்தான். ரெண்டு பெல்ட். அதற்கடுத்த வாரம் ரெண்டு தடவை வந்தான்.

"இன்னா கோதண்டம், போன வாரம்தான் வாங்கிகினு போனே?"

"உப்பு தேவம்மா. உப்புக் காத்து ரப்பரை அரிச்சுடுது."

உப்பு இரும்பை அரிக்கும், ரப்பரை ஒன்றும் செய்யாது என்பது தேவப்பிரியத்துக்குத் தெரியாததில்லை. நல்ல பெல்ட் ஒரு வருஷம் தாங்கும் என்பதும் தெரியும். வேறு எவனாவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நிற்கவைத்துத் தோலை உரித்திருப்பாள். ஆனால் இவன் சொன்னபோது, "ஆமா, உப்புன்னா அப்டித்தான்" என்று அவள் வாயே சொன்னது. சொன்ன பிறகுதான் அவளுக்குக் கேட்டது.

பெல்ட் வேண்டாம், ஆனாலும் வருகிறான். அப்படியென்றால் எதற்கு வருகிறான்? முப்பத்தொரு வயதுப் பெண் இதைப் போட்டுக் கூட்டிப் பார்த்தால் ஒரே விடைதான் வரும்.

முதலில் பொடியை விட்டாள். மூன்று நாள் தலைவலி உயிரை எடுத்தது. வந்த டிரைவர்களை எல்லாம் கடித்துக் குதறினாள். பிறகு இரண்டு புதுப் புடவை எடுத்தாள். ஒரு நாள், பெல்ட்டுக்குப் பவுடர் தடவிய கையோடு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கன்னத்திலும் கொஞ்சம் தடவிக்கொண்டாள். கோதண்டம் இந்து, அதற்கும் யோசித்து வைத்தாள். ஞானஸ்நானம் வாங்கச் சொன்னால் வாங்கிக்கொள்கிற முகம்தான். பெயர்கூடத் தேர்ந்துவிட்டாள்: அந்தோணி. சுருட்டை முடிக்கு அந்தோணி பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

பாய் கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தாங்காமல் கேட்டார்.

"தேவம்மா, அந்த உப்பு லாரிக்கு எத்தினி இஞ்சினு?"

"வாங்கறவன் வாங்கறான். உங்களுக்கு இன்னா பாய் வலிக்குது?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டார். வியாபாரம் நடக்கிறது, பெண்ணும் ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டு வருகிறாள். இதில் குறுக்கே விழ அவருக்கு என்ன வந்தது?

நாலு மாதம் இப்படிப் போயிற்று. சித்திரை வெயிலில், ஒரு மத்தியான நேரம், தலையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். கூடையை இறக்கிக் கவுண்டர்மேல் டம்மென்று வைத்தாள். கவுண்டரில் அப்போது சுப்பராயன் என்ற லாரிக்காரர் ஒருவர் பிளக் வாங்க நின்றுகொண்டிருந்தார். கருவாட்டு நெடிக்கு ஒரு அடி பின்வாங்கினார்.

"நீதானாமே பட்டாளத்தம்மா?"

"ஆமா. நீ யாரு?"

"நான் பச்சையம்மா. கோதண்டம் பொஞ்சாதி."

தேவப்பிரியம் கையில் இருந்த பிளக்கைக் கீழே வைத்தாள். பிறகு திரும்ப எடுத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பச்சையம்மா கூடைக்குள் கைவிட்டு, கருவாட்டுக்கு அடியிலிருந்து ஃபேன் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் போட்டாள். பதினோரு பெல்ட்.

"அரிசிப் பானைக்குப் பின்னால சுருண்டுகினு கெடந்துச்சு. கருநாகம்னு நென்ச்சு தொடப்பக்கட்டையால அட்ச்சேன். அசையல. தூக்கிப் பாத்தா ரப்பரு. இது இன்னாய்யான்னா, ராயபுரத்துலேர்ந்து வாங்கியாந்தேன்றான். வாரத்துக்கு ரெண்டு வாட்டி இன்னாத்துக்கு ராயபுரம்? தெருவுல கேட்டா, அங்க ஒருத்தி கவுண்டர்ல நிக்கிறா, மூஞ்சில பவுடர் போட்டுகினு, அவளைப் பாக்கப் போறான்றாங்க. சொல்லுமே. இத்தல்லாம் நீ அவனுக்கு ஆசையா குட்த்தியா?"

"எவளாவது ஆசையா ஃபேன் பெல்ட்டு குடுப்பாளா?" என்றாள் தேவப்பிரியம். குரல் எங்கிருந்தோ வந்தது. "துட்டு குட்த்து வாங்கினான். கேட்டுப் பாரு பாயை."

"வாங்கி இன்னா பண்றான்? நான் இதுல கொயம்பா வெக்க முடியும்?"

இரண்டு பெண்களும் பதினோரு பெல்ட்டைப் பார்த்தார்கள். யாருக்கும் விளங்கவில்லை. சுப்பராயன் தொண்டையைக் கனைத்தார்.

"நான் சொன்னன்னு சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தார். "ரெட்ஹில்ஸுல சோத்துக் கடையாண்ட விக்கிறானே. வடக்கத்தி லாரில்லாம் அங்கதான நிக்கிது. ரெண்டு பங்கு ரேட்டு. போன மாசம் நானே ஒண்ணு வாங்கினேன். பவுடர்லாம் தடவி புச்சு மாரி இருந்துச்சு."

"துட்டை இன்னா பண்றான்?" பச்சையம்மாவின் குரல் இறங்கியிருந்தது. இறங்கிய குரல்தான் பயமாக இருந்தது.

"கிண்டியில குதிரை மேல கட்றான்மா. ஜெயிச்சதா நான் கேள்விப்படல."

பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. பொம்பளை விவகாரம் இல்லை. அடுத்த நிமிஷமே நிம்மதி போய்க் கோபம் வந்தது. நாலு மாதமாக வீட்டுக்குத் தெரியாமல் ஒரு வியாபாரம். அவள் எண்ணூர் வெயிலில் கருவாடு காயவைத்து, ரெட்ஹில்ஸ் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறாள். அதே ரெட்ஹில்ஸில் அவன் நிழலில் நின்று பெல்ட் விற்றுக் குதிரைக்குப் போடுகிறான்.

தேவப்பிரியத்துக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதுவும் காலிலிருந்து ஏறி வந்தது. உள்ளே போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில், நாலு மாதமாகத் தொடாத பொடி மட்டை ஒன்று கிடந்தது. எடுத்து, இரண்டு மூக்கிலும் ஏற்றிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொடி விட்டுப் போட்டால் கொட்டத்தான் கொட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்தாள்.

"அவன் வெள்ளிக்கியம வருவான்" என்றாள் பச்சையம்மாவிடம். "நீ வூட்ல ஒண்ணும் கேக்காத. இந்தப் பெல்ட்டை எடுத்துகினு போயி இருந்த எடத்துலயே வை."

வெள்ளிக்கிழமை கோதண்டம் வந்தான். ஒரு முழம் தள்ளி நின்றான். தலைத்துண்டை அவிழ்த்தான்.

"ரெண்டு பெல்ட்டு தேவம்மா."

"பயசைக் குடு."

"எது?"

"பயைய பெல்ட்டு. இன்னியிலேர்ந்து பயசைக் கொண்டாந்தாத்தான் புச்சு. ரப்பர் இல்லாத காலம். கடையில ரூலு."

கல்லாவில் இருந்த பாய்க்கே அந்த ரூல் அப்போதுதான் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினார்.

"அது வண்டியிலியே கீது தேவம்மா. மாட்டினு வந்துட்டேன்."

"அப்ப வா, நானே கயட்டிக்கிறேன்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கவுண்டரைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். கோதண்டம் பின்னாலேயே ஓடி வந்தான். லாரி முன்னால் போய் மூடியைத் தூக்கினாள். உள்ளே விசிறியைச் சுற்றி இருந்தது பெல்ட்டே இல்லை. சணல் கயிற்றை முறுக்கி, முடிச்சுப் போட்டு, தார் பூசியிருந்தான். ஊருக்கெல்லாம் பெல்ட் விற்றவன் சொந்த வண்டியைக் கயிற்றில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

தேவப்பிரியம் அதை வெகுநேரம் பார்த்தாள். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"உன் பொஞ்சாதி வந்திருந்தா" என்றாள்.

கோதண்டத்தின் சுருட்டை முடியைத் தவிர மற்றதெல்லாம் தொங்கிப் போயிற்று. மெதுவாகச் சொன்னான்.

"நான் உன்னாண்ட ஒரு தப்பு வார்த்தை பேசலியே தேவம்மா."

அதுதான் உண்மை. அவன் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. "ரெண்டு பெல்ட்டு", "நீ குட்த்தா கரீட்டா இருக்கும்", "உப்பு" — நாலு மாதத்தில் அவன் சொன்னது இவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் அவளே சொல்லி அவளே கேட்டுக்கொண்டாள். அவன் ஆசை வார்த்தை சொல்லி மயக்கியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

"பேசலதான்" என்றாள். "அதுக்கோசரம் ஒரு பெல்ட்டு தரேன். இத்த உன் வண்டியிலியே மாட்டு. என் கண்ணெதிர மாட்டு."

அவன் வேர்க்க வேர்க்க மாட்டினான். அவள் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பச்சையம்மா மறுபடி கடைக்கு வந்தாள். இந்தத் தடவை கூடையை மெதுவாக இறக்கினாள். பதினோரு பெல்ட்டையும் ரெட்ஹில்ஸில் தானே விற்றுவிட்டாளாம். புருஷன் விற்ற ரேட்டைவிடக் கொஞ்சம் குறைத்து, கருவாட்டோடு சேர்த்துக் கூவி, ஒரே காலையில்.

"ஒரு வடக்கத்தியான் பிளக்கு கீதான்னான். இன்னொருத்தன் பல்பு கேட்டான். அங்க அம்மாம் லாரி நிக்குது, சாமான் விக்க ஒரு நாதி கெடையாது. நீ எடுத்து குடு, நான் இட்டுகினு போறேன். இன்னா சொல்ற?"

தேவப்பிரியம் பாயைப் பார்த்தாள். பாய் கருவாட்டுக் கூடையைப் பார்த்தார்.

"பொம்பள ரோட்டுல நின்னு லாரிச் சாமான் விக்கிறதா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"நாலு வருசம் முன்னாடி என்னையும் சொன்னானுங்க. யாராவது ஞாபகம் வெச்சிகினு கீறானா, கேட்டுப் பாருங்க."

பாய் யோசித்தார். ரெண்டு பங்கு ரேட்டை நாலு மாதம் எவனோ சாப்பிட்டதை யோசித்தார். சரி என்றார்.

அப்படித்தான் பச்சையம்மா பாய் கடையின் வடக்குக் கிளையானாள். வியாழக்கிழமை தோறும் ஒரு கூடை கருவாடு, ஒரு கூடை சாமான். தேவப்பிரியம் ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து, இது போர்டுக்கு, இது டாட்ஜுக்கு என்று சொல்லித் தந்தாள். பச்சையம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவளாக ஒரு வழி வைத்துக்கொண்டாள்: இது வவ்வா மீனு, இது வாளை, இது நண்டு. கிளட்ச் தட்டு திருக்கை. ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. கூடைகளை ரெட்ஹில்ஸ் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது கோதண்டம். அதற்கு அவனுக்கு மத்தியானச் சோறு உண்டு, வாடகை கிடையாது. சாமானில் கருவாட்டு வாடை ஏறிப்போவது பற்றிச் சுப்பராயன் ஒரு தடவை புகார் சொன்னார். "வண்டியை எங்க நிறுத்தினாலும் பூனை வந்துடுது பட்டாளத்தம்மா." நல்ல துணைதானே, வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள்.

இரண்டு பெண்களும் சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் பச்சையம்மா கடைக்கு வந்தால் நன்றாக இருட்டிய பிறகுதான் எழுந்து போவாள். இரண்டு வருஷம் கழித்து அப்படி ஒரு சாயங்காலம், பொடியின் தெம்பில், தேவப்பிரியம் அந்தோணி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பச்சையம்மா முதலில் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கீழே உட்கார்ந்தே விட்டாள். தேவப்பிரியத்துக்கும் சிரிப்பு வந்தது. அந்த வெட்கம் அன்றைக்குத்தான் இறங்கியது. அதன் பிறகு வீட்டில் கோபம் வந்தால் பச்சையம்மா புருஷனை "அந்தோணி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோதண்டத்துக்கு ஏன் என்று தெரியாது. கேட்கவும் பயம்.

தேவப்பிரியம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு இடம் வந்தது. ஒருவர் பழவேற்காட்டில் வாத்தியார். கல்யாணத்துக்கு அப்புறம் கடைக்குப் போகக் கூடாது என்றார். "அப்ப உங்களோட நாள் முழுக்க இன்னா பண்ணணும்?" என்று கேட்டாள். வாத்தியார் பழவேற்காட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். சவரிநாதன் வருத்தப்பட்டார், ஆனால் துறைமுகத்தில் யாராவது "பட்டாளத்தம்மாவோட அப்பாதானே நீங்க" என்று கேட்டால் கிரேனை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஆமாம் என்பார்.

ஐம்பத்தேழில் அப்துல் வஹாப் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும். வர நாலு மாதம் ஆகும். தெருவே மாலையோடு வந்து நின்றது. கடைச் சாவியைத் தங்கை மகன் அத்தாவுல்லாவிடம் கொடுப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அத்தாவுல்லா அதற்கென்றே புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். பாய் நேராகக் கவுண்டருக்கு வந்து கொத்துச் சாவியைத் தேவப்பிரியத்தின் முன்னால் வைத்தார்.

அவள் தடுமாறிப் போனாள். பத்து வருஷத்தில் பாய் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை.

"என்னாண்ட குட்த்துட்டுப் போறீங்களே பாய். நான் அல்லாத்தையும் தூக்கிகினு ஓடிட்டா?"

"எங்க ஓடுவே? சாமான் ரெண்டு டன்னு கீது" என்றார் பாய். சொல்லிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிவிட்டார்.

நாலு மாதமும் கடையை ஒரு நாள்கூட மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து திறந்தாள். அத்தாவுல்லாவைக் கல்லாவில் உட்காரவைத்து, புதுச் சட்டையில் கிரீஸ் படாமல் பார்த்துக்கொண்டாள்.

பாய் திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். தாடிக்கு மருதாணி போட்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் மக்காவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். கூட்டம் கலைந்த பிறகு கவுண்டருக்கு வந்து, தேவப்பிரியத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் தேவம்மா. மத்தவங்களாண்ட சொல்லல. மக்காவுக்குப் போற வழியில எங்க பஸ்ஸு நின்னு போச்சு. நட்ட நடு மணலு. டிரைவரு மூடியைத் தொறந்து வெச்சிகினு பாக்கறான், ஒண்ணும் புரியல. அல்லாரும் எறங்கி துவா கேட்டாங்க. நானும் கேட்டேன். ஆனா மனசுக்குள்ள, பட்டாளத்தம்மா இங்க இருந்தா தேவலையேன்னு இருந்துச்சு. அந்த எடத்துல அப்டி நெனைக்கலாமா? அல்லா மன்னிக்கணும்."

தேவப்பிரியம் கையில் இருந்த பொடி மட்டையை மூடி வைத்தாள். அவள் கண்கள் பளபளத்தன.

"இன்னா வண்டி பாய்?"

"டாட்ஜு."

"எந்த வருசத்து மாடலு? நாப்பத்தி அஞ்சுக்கு முன்னியா, அப்பாலயா?"

"அத்த யாரு பாத்தா?"

"இம்மாந் தூரம் போயி, வண்டியாண்டயே நின்னுகினு இருந்துட்டு, மாடலைப் பாக்காம வந்துகிறீங்களே" என்றாள். அன்று முழுக்க அந்த வருத்தம் அவளுக்கு ஆறவில்லை.